குழாய்க்குள் செல்லும் கம்பி

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒருவரைக் கை காட்டுவார்கள். வைத்தது நான்தான். என்னைவிட ஐந்து வயது சின்னவள், பதினோரு வருடம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தோம். அந்த உரிமையில் அவள் என்றே எழுதுகிறேன். பட்டப்பெயர் காதுக்குப் போனதும் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "பரவால்ல அண்ணே, ஓட்டை வாளின்னு வைக்காம விட்டீங்களே" என்றாள்.

காப்புரிமை எழுதிக் கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. மூன்றாவது மாடி. லிஃப்ட் இரண்டாவது மாடியோடு நின்றுவிடும், மீதியை நடந்துதான் ஏற வேண்டும். முதலாளி ஒரு வக்கீல். விண்ணப்பம் எழுத நான்கு பேர், படம் வரைய நான் ஒருவன். யாராவது ஒரு புதுக் கருவியைச் செய்து எடுத்துக்கொண்டு வருவார்கள். அதை நான் முன்னாலிருந்து, பக்கவாட்டில், குறுக்கே அறுத்தது போல என்று நாலைந்து விதமாக வரைவேன். அவள் அதற்கு உரிமைக் கோரிக்கை எழுதுவாள்.

கோரிக்கை என்றால் வெளியாட்களுக்குப் புரிவதில்லை. அது ஒரு வேலி, அவ்வளவுதான். இத்தனை தூரம் என்னுடையது, இதற்குள் யாரும் வரக்கூடாது என்று வார்த்தையால் போடுகிற வேலி. அதை அகலமாகப் போட்டால், இந்த இடம் ஏற்கெனவே இன்னொருவருடையது என்று அரசாங்கப் பரிசோதகர் ஏதாவது ஒரு பழைய காகிதத்தை நீட்டி மறுத்துவிடுவார். குறுக்கிப் போட்டால் அடுத்தவன் வேலிக்கு வெளியே ஒட்டி நின்றுகொண்டு அதே பொருளைச் செய்வான், நாம் வேடிக்கை பார்க்கலாம். அதனால் வேலி போடுவதற்கு முன்னால், இதற்கு முன் உலகத்தில் யாராவது இதைச் செய்திருக்கிறார்களா என்று தேடித் தீர்க்க வேண்டும்.

அந்தத் தேடலில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அந்த ரகம். ஒரு குடைப்பிடிக்காக எண்பது வருடத்துக் காகிதங்களைப் புரட்டியதை நானே பார்த்திருக்கிறேன். பலசரக்குப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைக்கூடப் படித்து முடிக்காமல் பிரிக்க மாட்டாளாம். அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், சிரிக்காமல் கிண்டல் செய்வதில் கெட்டிக்காரர். "எங்க வீட்ல சண்டை வந்தா உடனே பதில் வராது. இதே சண்டையை முன்னாடி யாராவது போட்டிருக்காங்களான்னு தேடிப் பாத்துட்டுத்தான் ஆரம்பிப்பா" என்பார். ஒரே மகள், அம்மா போலவே மூக்குக்கண்ணாடி, வெளியூரில் படிக்கிறாள்.

எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. படம் பார்ப்பது என்று சொல்வோம். நம் கருவிக்குக் கிட்டத்தட்ட வருகிற பழைய காகிதம் ஏதாவது கிடைத்தால், அதில் உள்ள படங்களை அச்செடுத்து என் மேசையில் வைப்பாள். நான் அதையும் என் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்ப்பேன். எழுத்து எந்த மொழியில் இருந்தால் என்ன, திருகாணி திருகாணிதானே. பார்த்துவிட்டு ஒட்டும் அல்லது ஒட்டாது என்பேன். ஒட்டும் என்றால் அவள் வேலியை உள்ளே தள்ளிப் போடுவாள், ஒட்டாது என்றால் அப்படியே விடுவாள். நான் சொன்னதை அவள் ஒரு முறை சரிபார்ப்பாள், அவள் எழுதியதை நான் ஒரு முறை படிப்பேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. ஒளிப்பானேன்.

பிறகு அந்த ஏஐ தேடல் வந்தது. நாங்கள் மெஷின் என்போம், அதற்கு உருவம் ஒன்றும் இல்லை, திரையில் ஒரு பெட்டி. கருவியைப் பற்றிச் சாதாரண பேச்சில் எழுதிப் போட்டால் போதும். அரை நிமிடத்தில் ஊர் உலகத்துக் காகிதங்களை எல்லாம் அலசி, இது இவ்வளவு ஒத்துப்போகிறது, அது அவ்வளவு ஒத்துப்போகிறது என்று வரிசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் நம் மொழியில் சுருக்கம் கொடுக்கும். கோரிக்கையை எப்படி மாற்றினால் தப்பிக்கலாம் என்று யோசனையும் சொல்லும். வக்கீல் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார். பிள்ளை பிறந்த வீட்டில்கூட அவ்வளவு பூரிப்பு இருக்காது.

அவள் உடனே விழுந்துவிடவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். முதல் நான்கைந்து மாதம் மெஷின் கொடுத்த ஒவ்வொரு காகிதத்தையும் திறந்து வரி வரியாகச் சரிபார்த்தாள். தப்பே கிடைக்கவில்லை. ஒருநாள் அவளே மூன்று நாள் தேடி, ஒன்றும் இல்லை என்று முடித்த ஒரு பூட்டுக்கு, மெஷின் அரை நிமிடத்தில் ஒரு பழைய காகிதத்தைத் தூக்கிப் போட்டது. அச்சு அசலாக அதே பூட்டு. அன்று மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பார்ப்பது குறைந்தது. பொய் சொல்கிற மெஷினாக இருந்திருந்தால் அவள் ஏமாந்திருக்கவே மாட்டாள். இரண்டு வருடம் சரியாகச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

வக்கீலோ ஆளுக்கு மாதம் ஆறு விண்ணப்பம் என்று இருந்ததைப் பதினைந்து ஆக்கினார். மெஷினே ஒப்பிட்டுச் சொல்லும்போது இரண்டு பேர் உட்கார்ந்து படம் பார்ப்பது எதற்கு என்று எங்கள் வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னார். அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். எல்லாரும் இருக்கும்போது, என்னைப் பார்த்து, வேலைநேரத்தை விழுங்குகிற பழக்கம் என்றார். எனக்கு மூக்கின்மேல் கோபம். என் மனைவியைக் கேட்டால், அந்த மூக்கு இருப்பதே அதற்காகத்தான் என்பாள். வக்கீலிடம் காட்ட முடியாத கோபத்தை அன்று முழுவதும் பென்சிலிடமும் நாற்காலியிடமும் காட்டிக்கொண்டிருந்தேன்.

சைக்கிள் கடைக்காரர் வந்தது அதற்கு ஒரு வாரம் முன்னால். நாற்பது வயது இருக்கும். சக்கர நாற்காலி ஒன்றை இரண்டாவது மாடியிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார். மூச்சு வாங்கியது, உட்காரச் சொன்னால் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். அவர் எழுந்ததும் சக்கரம் தானாகப் பூட்டிக்கொண்டது. தள்ளிப் பாருங்க என்றார். நான் தள்ளினேன், அசையவில்லை. மறுபடி உட்கார்ந்தார், பூட்டு விட்டுக்கொடுத்தது.

செய்தது இவ்வளவுதான். சக்கர நாற்காலியில் உட்காரும் இடம் இரண்டு குழாய்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய துணி. ஆள் உட்கார்ந்தால் துணி தொய்யும், தொய்ந்தால் ஒரு சைக்கிள் பிரேக் கம்பியை இழுக்கும், பிரேக் விலகி நிற்கும். ஆள் எழுந்தால் துணி மேலே போகும், கம்பி தளரும், பிரேக் சக்கரத்தைக் கவ்வும். எந்தப் பழைய நாற்காலியிலும் மாட்டலாம். இருபது வருடம் படம் வரைந்திருக்கிறேன், இவ்வளவு எளிமையாக ஒன்றைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

அவருடைய அக்கா சக்கர நாற்காலியில்தான் இருந்தார், வீட்டில் தனியாக இருந்தபோது கதவைத் திறக்க எழுந்திருக்கிறார். ஒரு கை வராது, பிரேக் போட மறந்துவிட்டார். நாற்காலி பின்னால் ஓடியது, இடுப்பு முறிந்தது. அதற்குப் பிறகு படுக்கைதான். இனி அந்த அம்மாள் சக்கர நாற்காலியில்கூட உட்கார முடியாது. "அவங்களுக்கு இது இனிமே உதவாது" என்றார் அவர். "ஆனா இது நான் செஞ்சது. ஒரு கம்பெனி கேட்டுச்சு, நான் காட்டவே இல்ல. என் கடையில நானே செஞ்சு, அக்கா பேரைப் போட்டுக் குடுக்கணும். வேற யாரும் செய்யக் கூடாது. அதுக்கு என்ன எழுதணுமோ எழுதிக் குடுங்க." அம்மா சிறுவயதிலேயே போய்விட, அந்த அக்காதான் அவரை வளர்த்து ஆளாக்கியவர். இரண்டாவது முறை வந்தபோதே அவர் எங்கள் சல்லடையையும் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அவள் முதலில் எழுதிய கோரிக்கை அழகாக இருந்தது. உட்காரும் துணியோடு இணைந்த கம்பி, ஆள் எழுந்ததும் பிரேக்கைப் பிடிக்க வைப்பது. கம்பி எந்த வழியாகப் போகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. எந்த வழியாகப் போனாலும் அது கடைக்காரருடையது. நல்ல அகலமான வேலி.

வக்கீல் எல்லார் முன்னாலும் என்னைச் சொன்ன அதே நாள், மாலை ஐந்து மணி இருக்கும். அன்றைக்கு அது அவளுக்கு நான்காவது கோரிக்கை. மெஷினில் போட்டாள். வரிசையின் தலையில் ஒரு வெளிநாட்டுக் காகிதம் வந்தது, எங்களில் யாருக்கும் தெரியாத எழுத்து. உட்காரும் துணியோடு இணைந்த கம்பி பிரேக்கை இயக்குகிறது என்று மெஷின் சுருக்கம் சொன்னது. அப்படியானால் வேலி இடிக்கிறது. கம்பி சட்டத்தின் குழாய்க்குள் செல்கிறது என்று சேர்த்தால் தப்பிக்கலாம் என்றும் அதுவே யோசனை சொன்னது. கடைக்காரர் கொண்டுவந்த நாற்காலியில் கம்பி குழாய்க்குள்தான் ஓடியது, பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று.

அவள் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பி, "அண்ணே, இதுல படம் மட்டும் ஒரு தடவை பாத்துச் சொல்றீங்களா?" என்றாள்.

நான் தலையைத் தூக்கவில்லை. "அதான் மெஷின் பாத்திருக்குமே. அப்புறம் நான் எதுக்கு?" என்றேன்.

 கொஞ்ச நேரம் கழித்து விசைப்பலகைச் சத்தம் கேட்டது. படங்கள் அந்தக் காகிதத்தின் கடைசியில் தனியாக இருக்கும், திறக்க ஒரே ஒரு சொடுக்குதான். அவளே திறந்திருக்கலாம். நான் அப்படிச் சொன்ன பிறகு, என் கண்முன்னால் திறப்பது என்னைச் சீண்டுவது போல் ஆகிவிடும் என்று நினைத்தாளோ, களைப்போ, இரண்டு வருட நம்பிக்கையோ, எனக்குத் தெரியாது. குழாய்க்குள் செல்லும் கம்பி என்று சேர்த்தாள். நானும் என் படத்தில் கம்பியைக் குழாய்க்குள் புள்ளிக்கோடாகப் போட்டுக் கொடுத்தேன். கடைக்காரர் வந்து கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு காப்புரிமை கிடைத்தது. பரிசோதகர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வக்கீல் அதைப் பெருமையாகச் சொன்னார். அவ்வளவு சின்ன வேலிக்கு யார் கேள்வி கேட்பார்கள் என்று அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. கடைக்காரர் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். மாதத்துக்கு நான்கைந்து நாற்காலி செய்துகொண்டிருந்தார், ஒவ்வொன்றின் பின்னாலும் அக்கா பெயர்.

அடுத்த ஆறாவது மாதம் மறுபடியும் ஒரு சக்கர நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை அது அவர் செய்தது இல்லை. பளபளவென்று இருந்தது, முன்பு அவரிடம் கேட்டுப் பார்த்த அந்தக் கம்பெனியின் பெயர் ஒட்டியிருந்தது. மருந்துக்கடை மருந்துக்கடையாக இறக்கியிருக்கிறார்கள். "பாருங்கக்கா" என்று அவள் முன்னால் வைத்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, தெம்பாகத்தான் இருந்தார். காப்புரிமை கையில் இருக்கிறதே, இனி இவர்கள் நிறுத்த வேண்டியதுதானே என்று நினைத்து வந்திருந்தார்.

அதே துணி, அதே கம்பி, அதே பிரேக். கம்பி மட்டும் குழாய்க்கு வெளியே, ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் உறைக்குள் ஓடியது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு நாள் பொறுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பினாள்.

அவர் படியிறங்கும் சத்தம் நின்றதும் பழைய கோப்பை எடுத்தாள். ஏன் குழாய்க்குள் என்று எழுதினோம் என்று தேடி, அந்த வெளிநாட்டுக் காகிதத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். படம் ஒன்று. ஒரு சக்கர நாற்காலி. அதற்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிறான். நாற்காலியின் முதுகிலிருந்து ஒரு துணிவார் தொங்குகிறது, அதைக் கையால் பிடித்து இழுக்கிறான். பிரேக் பிடிக்கிறது. உட்காரும் துணிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மெஷின் எதை எங்கே முடிச்சுப் போட்டதோ. இருநூறு காகிதத்தில் ஒன்றில் தவறியது, அந்த ஒன்று இது.

ஒட்டாது. ஒரு பார்வையில் சொல்லியிருப்பேன், ஒட்டாது என்று.

 அவள் அந்தப் படத்தை அச்செடுத்து நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு படியிறங்கிப் போய் ஒரு மணிநேரம் கழித்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

செய்ய ஏதாவது இருந்ததா என்றால், இல்லை. கொடுத்து முடித்த காப்புரிமையில் வேலியை உள்ளே தள்ளலாம், வெளியே தள்ள முடியாது. புதிதாக இன்னொன்று போடலாம் என்றால் எங்கள் பழைய விண்ணப்பமே ஊரறிய வெளிவந்துவிட்டது, இது ஏற்கெனவே இருக்கிறதே என்று அதையே நீட்டுவார்கள். வக்கீல் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டுப் பார்த்தார். பதில் அரைப் பக்கம் வந்தது. எங்கள் கம்பி வெளியே செல்கிறது, உங்கள் கோரிக்கையை நீங்களே ஒரு முறை படித்துப் பாருங்கள் என்று மரியாதையாகவே எழுதியிருந்தார்கள்.

வக்கீல் எங்கள் நான்கு எழுத்தர்களையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். கடைக்காரரிடம் சந்தையில் இப்படி நடப்பது சகஜம் என்று மட்டும் சொல்லிவிடலாம், அந்த வெளிநாட்டுக் காகிதத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம் என்றார். கோப்பில் வைக்க ஒரு குறிப்பும் தயாராக இருந்தது. தேடல் கருவியின் அறிக்கையை ஏற்று, அலுவலக நடைமுறைப்படி கோரிக்கை திருத்தப்பட்டது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம். மனுஷன் கெட்டவர் இல்லை, பயந்துபோயிருந்தார். பயந்தவர்கள் பூசி மெழுகுவதில் கெட்டிக்காரர்கள்.

அவள் படித்துவிட்டுப் பேனாவை மூடினாள். "மெஷின் சொன்னது தப்புதான் சார். ஆனா திறந்து பாக்காதது நான். அதுக்கு நடைமுறைன்னு பேர் வைக்க வேண்டாம். அவர்கிட்ட நான் சொல்லிடறேன்."

அந்த அறையில் நான் சொல்லியிருக்க வேண்டும். திறந்து பார்க்கச் சொல்லி என்னிடம் கேட்டாள், நான் முறுக்கிக்கொண்டேன் என்று. ஒரு வாக்கியம்தான். என் தொண்டைவரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது, வக்கீலுக்கு ஏற்கெனவே என்மேல் ஒரு கண். இப்படி எத்தனை சப்பைக்கட்டு வேண்டுமானாலும் கட்டுவேன். நான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை அவள் கடைக்குப் போனாள். துணைக்கு நானும் வருகிறேன் என்றேன்.  கடை சின்னது, முன்னால் டயர்கள் தொங்கின, ஒரு மூலையில் பாதி முடிந்த சக்கர நாற்காலிகள் மூன்று அடுக்கியிருந்தன. பின்னால் ஒரு திரை, திரைக்கு அந்தப்பக்கம் அவருடைய அக்கா படுத்திருந்தார். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் இரண்டு முக்காலிகளைத் துடைத்துப் போட்டார்.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. உங்கள் பொருளுக்கு அகலமாக எழுதியிருந்தேன், ஒரு வெளிநாட்டுக் காகிதம் தடையாக இருப்பதாக மெஷின் சொன்னதை நம்பிக் குறுக்கிவிட்டேன், அந்தக் காகிதம் தடையே இல்லை, திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், நான் பார்க்கவில்லை, இனி அதைச் சரிசெய்ய வழியில்லை என்றாள். குரல் உடையவில்லை. கைதான் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தது.

அவர் கொஞ்ச நேரம் பழைய துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்தக் காகிதம் இருக்கா?" என்று கேட்டார்.

நாலாக மடித்ததை எடுத்துக் கொடுத்தாள். அதை ஒரு சைக்கிள் சீட்டின்மேல் விரித்து நீவிவிட்டார். குனிந்து பார்த்தார். நான் எண்ணவில்லை, ஆனால் இரண்டு விநாடிக்கு மேல் இருக்காது.

"இது கையால இழுக்கிற வாரு" என்றார். "பின்னாடி நிக்கிறவர் இழுக்கிறாரு. நம்மளது இது இல்லையே."

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"இதை அன்னிக்கே என்கிட்ட ஒரு தடவை காட்டியிருந்தா நான் சொல்லியிருப்பேனே மேடம்."

மேடம் என்றார். இரண்டரை வருடமாக அக்கா என்று கூப்பிட்டவர். வேண்டுமென்றே சொல்லவில்லை, அது தானாக வந்தது, அதனால்தான் அப்படி விழுந்தது. அவளுக்கும் அது கேட்டது என்று முகத்தில் தெரிந்தது. அவர் நிறுத்தவில்லை. குழாய்க்குள் என்று கையெழுத்துப் போடும்போதே தனக்கு உறுத்தியது என்றார். முதலில் வெளியேதான் கம்பியை ஓட்டிப் பார்த்திருக்கிறார், அதுவும் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. "கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. இவ்வளவு படிச்சவங்க எழுதுறாங்க, ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

மறுபடி ஒரு தடவை என்னைக் கேட்காமல் விட்ட அவளையும் சேர்த்து, எங்கள் மூன்று பேர் வாயிலும் ஆளுக்கு ஒன்று வந்து நின்றுபோயிருக்கிறது. பதினோரு வருடம் உலகத்துக் காகிதங்களை எல்லாம் புரட்டினோம். பொருளைச் செய்தவரிடம் ஒரு படத்தைக் காட்டிக் கேட்க எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தோன்றியதில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து, யார் வந்திருக்காங்க என்று மெல்லிய குரல் கேட்டது. "ஒண்ணுமில்லக்கா, ஆபீஸ்லேருந்து வந்திருக்காங்க" என்று அவர் அந்தப்பக்கம் திரும்பிச் சொன்னார். பிறகு ஒரு ஆள் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவர் எங்களிடம் சொல்லிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றப் போனார். சத்தம் போடவில்லை, வழக்குப் போடுவேன் என்று மிரட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

திரும்பும்போது பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. நான் ஏதோ ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். மெஷினை யார்தான் நம்பவில்லை, உன்மேல் மட்டும் என்ன தப்பு என்கிற மாதிரி. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கு உங்களைப் படம் பாக்கச் சொன்னேன். நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு அண்ணே. வக்கீல்கிட்டயும் சொல்லல, இங்கயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அது உங்களோடது."

கோபம் இல்லாமல் சொன்னாள். கோரிக்கையில் ஒரு வரி எழுதுவது போல, இது இவருடையது என்று. இத்தனை நாள் அவள் மறந்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தவன் நான். என் நிறுத்தம் வந்தும் இறங்கத் தோன்றவில்லை, இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி நடந்தேன்.

அந்த மாதத்தோடு அவள் கோரிக்கை எழுதுவதை நிறுத்திவிட்டாள். வக்கீல் போகச் சொல்லவில்லை, அவளே கேட்டு வாசல் அறைக்கு மாறிக்கொண்டாள். வருகிற கடிதங்களுக்கு எண் போட்டு அடுக்குகிறாள். என் எதிர் மேசையில் இப்போது பிரிண்டர் இருக்கிறது. அவள் கணவரை ஒருநாள் கடைத்தெருவில் பார்த்தேன், வழக்கம்போல் ஏதாவது கிண்டலாகச் சொல்வார் என்று நின்றேன். "சண்டையே போடறதில்லங்க இப்பல்லாம். எதைச் சொன்னாலும் சரிங்கிறா" என்றார். அவர் சிரிக்கவில்லை, அது கிண்டலும் இல்லை.

கம்பெனி நாற்காலி இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. கடைக்காரர் சக்கர நாற்காலி செய்வதை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். சான்றிதழைக் கழற்றினாரா என்று தெரியவில்லை, பிறகு கடைக்குப் போனபோதும் சுவர்ப்பக்கம் நான் பார்க்கவில்லை.

போன மாதம் அவர் கடைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் போனேன், வழியெல்லாம் வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே. அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "வாங்க சார், மேடம் நல்லா இருக்காங்களா?" என்றார். நல்லா இருக்காங்க என்றேன். திரைக்குப் பின்னால் சத்தம் ஒன்றும் இல்லை. நான் அந்தப்பக்கம் பார்ப்பதைப் பார்த்து, அக்கா போய் நாலு மாசம் ஆச்சு என்றார். பிறகு என்ன வேண்டும் என்று கேட்டார்.

கண்ணாடி அலமாரியில் சைக்கிள் மணிகள் வரிசையாக இருந்தன. ஒன்றைக் காட்டினேன். எடுத்து, இரண்டு தரம் அடித்துக் காட்டி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "சைக்கிளை ஒருநாள் கொண்டாங்க சார், நானே மாட்டித் தர்றேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்குச் சைக்கிள் கிடையாது.